ஓலையும் கரையும்

ஈழத்தின் சரித்திரம் தேடியவர்கள்: 9

பங்குனிக் கடைசியில், தண்ணீர் முழுவதும் வற்றிக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, எங்கள் பரளச்சிப் பக்கத்துக் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால், மழைக்காலமெல்லாம் நீருக்குள் பாதி மறைந்து நின்ற குமிழி மடை, இரண்டு கல்தூண்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கற்களுமாகத் தன் முழு உருவத்தோடு கண்ணுக்குப் புலப்படும். தூண்களின் அடியிலுள்ள கல்மூடியில் ஒரு துவாரம் இருக்கிறது; அதில் பொருந்தும் மரக்கட்டையைத் தூக்கியும் இறக்கியுமே எத்தனையோ தலைமுறை நீர்பாய்ச்சிகள் வயலுக்குத் தண்ணீரை அளந்து விட்டிருக்கிறார்கள். துவாரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். அம்மியின் நடுவைப் போல் வழுவழுத்திருந்தது. இலங்கைத் தீவின் சரித்திரத்தைப் புத்தகங்களில் கற்கப் புகுந்த எனக்கு, அவற்றில் விளங்காத சில விஷயங்கள் இந்தக் கல்லின் அருகே நின்றபோதுதான் விளங்கின.

அத்தீவின் பூர்வ சரித்திரத்தை நவீன உலகம் முதலில் அறிந்தது ஓலைகளின் வாயிலாகத்தான். 1799-ஆம் ஆண்டில் இலங்கையிலேயே பிறந்து, அங்கேயே அரசாங்க உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் டர்னர், மகாவம்சம் என்னும் பாளிக் கிரந்தத்துக்குரிய பழைய உரையின் பிரதியொன்றை 1826-இல் முல்கிரிகல விகாரையிலிருந்து பெற்று, அதன் துணைகொண்டு பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து, 1837-இல் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அச்சேற்றினார். அதே காலத்தில் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப், பாரத தேசமெங்கும் கல்லில் காணப்பட்ட பிராமி எழுத்துக்களைப் படித்துவிட்டும், அவற்றில் பேசும் பியதசி என்ற அரசர் யாரென்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருந்தார். அவர் அசோகச் சக்கரவர்த்தியே என்பதைத் தீபவம்சம் என்ற மற்றொரு பாளி நூலைக் கொண்டு நிரூபித்துக் கொடுத்தவரும் டர்னரே. நம் நாட்டுப் பேரரசர் ஒருவரை நமக்கு மீட்டுக் கொடுத்தது கடலுக்கு அப்பால் பிக்குகள் பேணிக் காத்த ஓலை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆயினும் ஓலை, அரசர் இன்ன ஏரியைக் கட்டினார் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மகாசேனர் மின்னேரியாவையும், தாதுசேனர் கலாவாவியையும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு தம் பெயரால் ஒரு சமுத்திரத்தையும் அமைத்த கதைகளை அது விரித்துரைக்கும். தண்ணீர் எப்படிக் கட்டுப்பட்டது என்பதை உரைக்காது. அதை அறிய மண்ணை அளந்தவர்கள் வேண்டியிருந்தது. நீர்ப்பாசன இலாகாவில் 1873 முதல் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், புதர் மண்டிய கரைகளின் மேல் ஏறித் திரிந்து கண்டவற்றை 1909-இல் ‘பண்டைய இலங்கை’ என்ற நூலாக எழுதினார். கரையின் உட்சரிவில் கிணறு போல் கட்டப்பட்டு, பேரேரியின் நீர் தன் முழு வேகத்தோடு கால்வாயில் பாய்ந்து கரையை அறுத்துவிடாதபடி அடக்கி விடும் ‘பிசோகொட்டுவ’ என்ற அமைப்பை அவர் வியந்து வியந்து விவரிக்கிறார். ராணியின் கோட்டம் என்று பாமரர் பொருள் கொள்ளும் அப்பெயருக்கு நீர்மட்டம் தாழும் இடம் என்பதே பொருள் என்பது அவர் துணிபு. பின்னர், பர்கர் சமூகத்தைச் சேர்ந்த நில அளவையாளரான ஆர். எல். புரோகியர், தீவு முழுவதிலுமுள்ள பழைய நீர்ப்பாசனப் பணிகளை 1934-லும் 1935-லும் மூன்று பாகங்களாகத் தொகுத்தார். இவ்விருவரையும் நான் டர்னருக்கு ஒரு படி மேலேயே வைப்பேன். காலில் முள் தைக்கச் சேர்த்த அறிவு அது.

இத்தனை ஏரிகளையும் நிர்வகிக்கச் சர்வாதிகாரம் படைத்த பேரரசு இன்றியமையாததா என்ற கேள்வி பிறகு எழுந்தது. ஆம் என்ற சித்தாந்தத்தை 1957-இல் விட்போகல் என்ற அறிஞர் கீழை நாடுகள் முழுமைக்கும் பொருத்தி எழுத, அதை எட்மண்ட் லீச் மறுத்தார். மானிடவியல் பேராசிரியரான அவர், அநுராதபுரத்தைச் சூழ்ந்த வறண்ட வட்டாரத்தில் புல் எலிய என்ற ஒரே ஒரு சிற்றூரில் 1954-இல் தங்கி, யார் நிலம் எந்த மடைக்குக் கீழ், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்கெடுத்து, 1961-இல் அதை நூலாக்கினார். ஊர்க்குளம் நிறையாத ஆண்டில் அங்கே ‘பெத்ம’ என்றொரு வழக்கம் உண்டு: வயல் முழுவதையும் விதைத்து முழுவதையும் காயவிடாமல், குளத்துக்கு அண்மையிலுள்ள பகுதியை மட்டும் தற்காலிகமாக எல்லோருடைய நிலமாகவும் பாவித்து, அவரவர் பாத்தியதைக்கு ஏற்பப் பங்கிட்டுப் பயிர் செய்வார்கள். அரசர் ஆணையின்றி, ஊரார் தமக்குள்ளேயே செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

இதை எங்கள் ஊர்ப் பக்கத்து நீர்பாய்ச்சி ஒருவரிடம் சொன்னேன். மடைக் கல்லில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பெரியவர், ஆச்சரியம் எதுவும் காட்டாமல், “கம்மா பெருகலைன்னா முறை வச்சுத்தான பாய்ச்சணும், தம்பி? கடைமடைக்காரன் வயிறும் வயிறுதான” என்றார். அங்கே நிலத்தைப் பங்கிடுகிறார்கள், இங்கே நாழிகையைப் பங்கிடுகிறோம் என்ற பேதத்தை நான் எடுத்துச் சொன்னபோது, அவர் சற்று யோசித்து, “நிலத்தையே விட்டுக் குடுக்கிறதுக்கு இன்னுங் கொஞ்சம் மனசு வேணும்” என்றார். லீச் இதைக் கேட்டிருந்தால் தம் குறிப்பேட்டைத் திறந்திருப்பார்.

எங்கள் சீமைக்கும் அநுராதபுர வட்டாரத்துக்கும் உள்ள உறவு ஒப்புமையோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதல், கண்மாய் பொய்த்த ஊர்களிலிருந்து, தாது வருஷப் பஞ்சத்தின்போது கூட்டம் கூட்டமாகவும், நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் அந்தப் பாதையிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். பார்க்கரும் புரோகியரும் அளந்த உடைந்த குளக்கரைகள் நிறைந்த காடு அதுதான். கரையைக் கண்ட மாத்திரத்தில் மடை எங்கே, கலுங்கு எங்கே என்று சொல்லக்கூடிய ஜனங்கள், தோட்டத்துக் கொழுந்துக்கும் காப்பிப் பழத்துக்கும் கூலிகளாக அவற்றைக் கடந்து போனார்கள்.

அந்த வட்டாரத்துச் சிங்களக் கிராமத்தாரோ, தங்கள் குளக்கரை இடிந்தபோது அதை உயர்த்திக் கட்டும் கடினமான மண்வேலையைத் தமிழ் வேலையாட்களின் குழுக்களிடம் விட்டு வந்ததாக லீச் எழுதுகிறார். ஊர் ஊராகச் சென்று கரை கட்டிக் கொடுத்த அம்மனிதர்களின் பெயர்கள் ஓலையிலும் இல்லை, கல்லிலும் இல்லை. அவர்களை அழைக்கச் சிங்களக் கிராமத்தார் வழங்கிய சொல் மட்டும் லீச்சின் நூலில் இருக்கிறது. அந்தச் சொல் ‘குளங்கட்டி’.