எல்வா: ஒரு குட்டை ஆறும் ஒரு சட்டச் சொல்லும்

எல்வா 72 கிலோமீட்டர் ஆறுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைப்பனியில் தொடங்கி வடக்கே ஹுவான் டி ஃபுகா நீரிணையில் போய் விழுந்துவிடுகிறது. ஆனால் ஐந்து வகைப் பசிபிக் சால்மன்களும் ஏறிவந்த ஆறு. ஆறென்றால் மேலிருந்து கீழே போவது என்பதாகத்தான் நாம் புரிந்து வைத்திருக்கிறோம். சால்மன் ஆறு இரண்டு திசையிலும் ஓடுகிறது. குஞ்சாகக் கடலுக்குப் போன மீன் சில ஆண்டுகளில் கொழுத்துத் திரும்பி, பிறந்த ஆற்றின் சரளையில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. அந்த உடலைக் கரடி தின்னும், பறவை தின்னும், மிச்சம் மண்ணுக்கு. இப்படிப்பட்ட ஆறுகளின் கரையோர மரங்களில் இருக்கும் நைட்ரஜனில் ஒரு பங்கு மீன் சுமந்துவந்த கடல் நைட்ரஜன் என்று ஐசோடோப் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, மீனை மறிப்பது காட்டையும் மறிப்பதுதான்.

மறித்தார்கள். தாமஸ் ஆல்ட்வெல் தொடங்கிய மின்சாரக் கம்பெனி, கழிமுகத்திலிருந்து வெறும் 8 கிலோமீட்டரில் 1910இல் வேலையைத் தொடங்கியது. 1912இல் அணையின் அடித்தளம் பிய்த்துக்கொண்டு போனது. அடைத்து, 1913இல் முடித்தார்கள். மீன் ஏற வழி வைக்கவில்லை. சட்டம் இல்லாமலா? 1890லேயே இருந்தது: மீன் ஏறும் ஓடைகளில் அணை கட்டினால் மீன்வழி வைக்கவேண்டும்.

இங்கேதான் எனக்கு இந்த வரலாறு முக்கியமாகப் படுகிறது. மாநில மீன்துறை ஆணையர் லெஸ்லி டார்வின் ஒரு யோசனை சொன்னார். அணையோடு ஒட்டி ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் கட்டிவிட்டால், அணையையே முட்டை சேகரிப்பதற்கான அரசுத் தடுப்பு என்று பெயரிட்டுவிடலாம். குற்றத்துக்குப் பெயர் மாறியது, அவ்வளவுதான். 1915இல் மீன்வழிக்குப் பதில் பொரிப்பகம் போதும் என்று சட்டமும் வளைந்தது. 1922இல் பொரிப்பகத்தைக் கைவிட்டார்கள். அணை மட்டும் நின்றது. 1927இல் மேலே இன்னொன்று, கிளைன்ஸ் பள்ளத்தாக்கில், 64 மீட்டர் உயரம். 1938இல் மேல்காடு தேசியப் பூங்காவானது. கோடரி படாத காடு, சால்மன் இல்லாத காடு! இதைத்தான் 'தூய இயற்கை' என்று காட்டினார்கள்.

கழிமுகத்தில் இருந்த லோயர் எல்வா கிளாலம் மக்களுக்கு 1855 உடன்படிக்கை மீன்பிடி உரிமை கொடுத்திருந்தது. காகிதத்தில் உரிமை, ஆற்றில் மீனில்லை. 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பு, பிடிக்கத்தகுந்த மீனில் பாதி உடன்படிக்கைப் பழங்குடிகளுக்கு என்றது. இல்லாத மீனில் எந்தப் பாதி? அணையை இடி என்ற அவர்களின் கோரிக்கை 1992இல் காங்கிரஸ் சட்டமாகி, 2011இல் இடிப்பு தொடங்கி, 2014இல் முடிந்தது. 2012இல் நீர் வடிந்த அடியில், மூத்தோர் வாய்மொழியாகச் சொல்லிவந்த அவர்களது படைப்புத் தலம் வெளியே வந்தது. வண்டல் இறங்கி, அரித்துப்போன கழிமுகத்தில் மணற்கரை முளைத்தது.

அதே 2012இல் இன்னொரு சண்டை. பழங்குடியின் புதுப் பொரிப்பகம் காட்டுமீனின் மரபைக் கெடுக்கும் என்று காட்டுமீன் ஆதரவு அமைப்புகள் வழக்குப் போட்டன. அறிவியல் ரீதியாக அந்தப் பயத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் 1915இல் பொரிப்பகத்தைக் காட்டி ஆற்றைப் பறித்தது யார், இப்போது பொரிப்பகம் வேண்டாமென்று யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைச் சேர்த்தே வாசிக்கவேண்டியிருக்கிறது. நூறு வருஷம் காத்தவனையே இன்னும் கொஞ்சம் பொறு என்பது லேசு.

2011இல் எல்வாவில் மீன்பிடிக்கத் தடை வந்தது. 2023 அக்டோபரில் பழங்குடிக்கு மட்டும் கொஞ்சம் கோஹோ பிடிக்க அனுமதி வந்தது, சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குமாக.