எட்டு வருஷ உழைப்பு வீணாகலாமா?

நர்ஸாக, கம்ப்யூட்டர் இன்ஜினீயராக இங்கிலாந்து போய்ச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் ஊர் திரும்பும் பெண்கள் இப்போது நிறையப் பேர். வரும்போது பேங்க் கணக்கு, வாடகை அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஞாபகமாய் முடித்துக்கொண்டு வருகிறார்கள். சம்பளத்தில் பிடித்த நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தாவை மட்டும் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள் சகோதரிகளே!

வயதான காலத்தில் பிரிட்டிஷ் அரசு தரும் பென்ஷனுக்கு அந்தச் சந்தாதான் ஆதாரம். இந்தியாவில் இருந்தாலும் அது நம்மைத் தேடி வரும். 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி, முழுப் பென்ஷனுக்குப் பொதுவாக 35 வருஷச் சந்தா வேண்டும். குறைந்தது 10 வருஷமாவது இருக்க வேண்டும். ஒன்பது வருஷம் இருந்தால் அதற்குத் தக்க பங்கு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு காசு கிடையாது!

என் நாத்தனார் அங்கே ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தாள். 2021-ல் கோவைக்குத் திரும்பி, இங்கேயும் நர்ஸ் வேலைதான். இந்தப் பத்து வருஷ விவரம் தெரிந்ததும், “அண்ணி, அத்தனை நைட் டியூட்டியும் வீணாப் போச்சா?” என்று கண் கலங்கிவிட்டாள். விசாரித்ததில், வெளிநாட்டில் இருந்துகொண்டே விருப்பச் சந்தா கட்டலாம் என்று தெரிந்தது. “எங்கேயோ இருக்கிற கவர்மென்ட்டுக்கு நம்ம காசை எதுக்குக் கட்டணும்?” என்றார் அவள் வீட்டுக்காரர். நானும் அவளும் காகிதம் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஊர் திரும்பியும் வேலையில் இருந்ததால், அவளுக்கு இரண்டாம் வகுப்புச் சந்தா என்ற மலிவான வழி கிடைத்தது. 2022-23-க்கு வாரம் 3.15 பவுண்டு, 2023-24-க்கு 3.45 பவுண்டு. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 343 பவுண்டு. நம் பணத்தில் சுமார் 36,000 ரூபாய். இதனால் பத்து வருஷம் பூர்த்தியானது. 2025-26-ல் முழுப் பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுண்டு. அதில் 35-க்குப் பத்து பங்கு என்றால் வாரம் 65 பவுண்டுக்கு மேல், வருஷத்துக்குச் சுமார் 3,400 பவுண்டு. கணக்கைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை!

இப்போது நிபந்தனைகள் இறுகிவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் 6 முதல் இரண்டாம் வகுப்பு கிடையாது என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மூன்றாம் வகுப்புதான் மிச்சம். அதற்கு 2025-26-ல் வாரம் 17.75 பவுண்டு. புதிதாகக் கட்ட வருபவர்கள் அங்கே பத்து வருஷம் வசித்திருக்க வேண்டும், அல்லது பத்து வருஷம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். விட்டுப்போன வருஷங்களுக்கும் பொதுவாகப் பின்னோக்கி ஆறு வருஷம்தான் கட்ட முடியும். அதனால் அங்கே இப்போது வேலையில் இருக்கும் பெண்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே தங்கள் வருஷக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ வசித்தால் அந்தப் பென்ஷன் வருஷா வருஷம் ஏறாது. முதலில் எத்தனை பவுண்டோ கடைசி வரை அதேதான். இதையும் மனதில் வைத்தே கணக்குப் போடுங்கள்.

அங்கே குழந்தை வளர்ப்பதற்காக வேலையை விட்ட தாய்மார்களுக்கு இன்னொரு விஷயம். 1978-லிருந்து 2010 வரை சைல்டு பெனிஃபிட் வாங்கியவர்களுக்கு, வீட்டில் இருந்த வருஷங்களுக்கும் பென்ஷன் பாதுகாப்பு உண்டு. 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பித்தவர்களில் பலருடைய பதிவில் இது விடுபட்டிருக்கிறது. பணம் கட்டாமலே இதைச் சரிசெய்யலாம்.

பணம் கட்டும் முன், எந்தெந்த வருஷம் விடுபட்டிருக்கிறது, கட்டினால் பென்ஷன் கூடுமா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வருஷங்களுக்குக் கட்டினாலும் பலன் இருக்காது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க சி.எஃப்.83 என்ற படிவம் இருக்கிறது, அது இலவசம். கமிஷன் கேட்டு வரும் ஆசாமிகளை நம்ப வேண்டாம். நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பரையும் பழைய சம்பள ரசீதுகளையும் நகைப் பெட்டி மாதிரி பத்திரமாக வையுங்கள். நம் பெயரில், நம் உழைப்புக்கு வரவேண்டிய பணம் அது.

- ஒரு வாசகி, கோவை.