அரை கிலோ இறைச்சியும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும்

ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த சில நாட்களுக்கு நமது வீடுகளில் இறைச்சிக்குக் குறைவில்லை. ஏனைய மாதங்களில் நிலைமை வேறு. எட்டுப் பேர் உள்ள வீட்டில் அரை கிலோ மாட்டிறைச்சியைக் கறியாக்கினால் ஆளுக்கு மூன்று துண்டு கிடைப்பதே பெரிது. கடைசியில் வெறும் ஆணத்தோடு சோறு உண்பவர் பெரும்பாலும் உம்மாதான். அதே இறைச்சியை அரைத்து, மேலே கிழங்கு மசியலைப் பரப்பிச் சுட்டெடுத்தால் எட்டுப் பேருக்கும் சமமாக வெட்டிக் கொடுக்கலாம்.

ஆங்கிலேயர் இதனைக் 'கொட்டேஜ் பை' என்பர். பிரான்சில் இதற்குப் பார்மாந்தியேயின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1737 இல் பிறந்த இம்மருந்தாளர், ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டிருந்தபோது உருளைக்கிழங்கை உண்டு பழகியவர். கால்நடைத் தீனி என்று தம் நாட்டவர் ஒதுக்கிய கிழங்கை அவர்களது உணவாக்கப் பாடுபட்டார்.

முதலில் இறைச்சி. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே கண்முன்னே அரைப்பித்து, அன்றே சமைப்பது நல்லது. அகன்ற தாச்சியில் எண்ணெய் விட்டு, இரண்டு பெரிய வெங்காயம், நான்கு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றை வதக்குங்கள். இறைச்சியைச் சேர்த்துக் கட்டியில்லாமல் உடைத்துக் கிளறுங்கள். அது விடும் தண்ணீர் வற்றிய பின்பே ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், சிறிது கறுவாத்தூள், உப்பு, நறுக்கிய கரட், தக்காளி என்பவற்றைப் போட வேண்டும். அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, மூடி, இருபது நிமிடம் வேகவிடுங்கள். ஆங்கிலச் சமையல் நூல்கள் சிலவற்றில் இவ்விடத்தில் வைன் ஊற்றச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். பாதித் தேசிக்காயின் புளியே போதும். கலவை ஈரமாக இருக்கலாம், ஆணமாக ஓடக்கூடாது.

இனிக் கிழங்கு. பலர் கெடுப்பது இதைத்தான். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்து உட்புறம் வேகாமல் நிற்கும். பச்சைத் தண்ணீரில் உப்போடு போட்டே அவிக்க வேண்டும். நீரை வடித்தபின் வெறும் பானையை இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். சூட்டோடு மரக்கரண்டியால் மசித்து, இரண்டு மேசைக்கரண்டி பட்டரும் கரைத்த பால்மா அரைக் கோப்பையும் சேருங்கள். வேலை மிச்சமென்று கிரைண்டரில் அடித்தால் கிழங்கின் மாப்பொருள் வெளியேறிப் பசைபோல் இழுபடும். பிறகு அதைச் சுவரொட்டி ஒட்டத்தான் பயன்படுத்தலாம்!

இறைச்சியைத் தட்டில் பரப்பிச் சற்று ஆறவிட்டு மசியலை வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் மசியல் உள்ளே அமிழ்ந்துவிடும். முள்ளுக்கரண்டியால் மேலே கோடுகள் இழுத்தால், அந்த மேடுகள் பொன்னிறமாக மொறுமொறுக்கும். அவன் இருந்தால் 190 பாகை செல்சியசில் அரை மணி நேரம் போதும். இல்லாத வீடுகளில் கனத்த சட்டியில் வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்பி, கீழே மெல்லிய நெருப்பு வைக்கலாம். பணியாரத்துக்கு மேல் நெருப்பு வைத்துப் பழகிய உம்மும்மாமாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சுட்டதும் பத்து நிமிடம் பொறுத்து வெட்டினால் துண்டு கலையாது.

நோன்பு காலத்தில் இப்தாருக்குச் செய்து மிஞ்சியதைச் சஹருக்கு எடுப்பதாயின், தறாவீஹ் முடிந்து வரும்வரை மேசையில் விடாதீர்கள். நமது வெக்கையில் அது கெட்டுவிடும். சூடு ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சஹரில் நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்கிப் பரிமாறுங்கள்.