பெண்ணை பி.எஸ்ஸி. சேர்க்கப் போகிறீர்களா?

பத்தாம் வகுப்பு முடித்த பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா? அப்படியானால் அடுப்பிலிருக்கும் பாலை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

சேரன்மகாதேவியானாலும் சென்னையானாலும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பி.எஸ்ஸி.க்கு எத்தனை மார்க்கு வேணும்?" கேள்வியில் தவறில்லை. கேட்கிற காலம்தான் தவறு. மார்க்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, பிளஸ் ஒன்னில் 'குரூப்' எடுக்கும்போதே, சில கதவுகள் சாத்திக்கொள்கின்றன.

எப்படி என்கிறீர்களா? "கணக்கு என்றாலே எனக்குப் பயம்" என்று பெண் சொல்கிறாள். பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பில் சேர்த்து விடுகிறீர்கள். தாவரவியலிலோ விலங்கியலிலோ பட்டம் பெற அது தாராளமாய்ப் போதும். ஆனால் பி.எஸ்ஸி. கணிதத்துக்குக் கணக்குப் படித்திருக்க வேண்டும்; பௌதிகத்துக்கும் (இப்போது இயற்பியல் என்கிறார்கள்) பெரும்பாலும் அப்படியே. கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்தவளுக்குத் தாவரவியல் கிடைப்பது கஷ்டம். கணக்கு, உயிரியல் இரண்டும் சேர்ந்த குரூப்பில்தான் இரு பக்கமும் வழி உண்டு. சுமையும் அதில்தான் அதிகம். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள் என்பதற்காக எடுக்கிற குரூப்பைப் போல ஆபத்தானது வேறில்லை!

மார்க்கு விஷயத்துக்கு வருவோம். பாட்டி பி.யு.சி. படித்தவராக இருக்கலாம். நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது 1978-இல். உங்கள் காலத்தில் 1200 மார்க்கு. உங்கள் பெண்ணுக்கு 600. அதிலும் அரசு கலைக் கல்லூரிகளில் அறிவியல் வகுப்புக்கு வரிசை போடும்போது தமிழும் ஆங்கிலமும் சேராது. மற்ற நான்கு பாடங்களின் 400 மார்க்குத்தான் கணக்கு. தமிழில் 98 வாங்கினாளே என்று பூரித்துப் போகலாம், இடம் கிடைக்க அது உதவாது.

நுழைவுப் பரீட்சை இவற்றுக்குக் கிடையாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில்தான் 2022 முதல் 'கியூட்' என்ற அகில இந்தியப் பரீட்சை.

அரசு கல்லூரிகளில் நூற்றுக்கு 69 இடம் ஒதுக்கீடு. ஆகவே ஜாதிச் சான்றிதழை ரிசல்ட் வந்த பிறகு தேடாதீர்கள். 1920-களில் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று எழுந்த சண்டை தமிழ்நாட்டையே உலுக்கிற்று. இன்று அதே ஊர்ப் பெண், பந்தியில் அல்ல, வகுப்பில் இடம் பெறுவதற்காக அந்தக் காகிதத்தை எடுத்துச் செல்கிறாள். அதிலும் மார்க்குப் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

தூரம் ஒரு சாக்கே அல்ல. பாளையங்கோட்டையில் 1895-இல் பெண்களுக்கென்றே தோன்றிய சாரா தக்கர் கல்லூரியும், திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் சேரன்மகாதேவிப் பெண் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரந்தான்.

"செலவுக்கு?" என்பீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணானால், 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பணம் நேரே அவள் பெயரிலுள்ள பாங்குக் கணக்குக்குப் போகும்; அப்பா கணக்குக்கு அல்ல.