புதுக் கருவி விலை போகுமா? மரத்துண்டை வைத்துப் பார்த்தார்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம். அங்கே ஜெப் ஹாக்கின்ஸ் என்று ஒரு என்ஜினீயர். 1990-களின் நடுவில் அவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்.

சட்டைப் பையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு திரிந்தார்!

"நாளை மதியம் சாப்பாட்டுக்கு வர முடியுமா?" என்று யாராவது கேட்டால், பையிலிருந்து மரத்துண்டை எடுப்பார். சீனர்கள் சாப்பிடுவதற்கு வைத்திருக்கிறார்களே குச்சி, அதில் ஒன்றைச் சீவி பேனா மாதிரி வைத்திருந்தார். அந்தக் குச்சியால் மரத்துண்டைத் தட்டுவார். நாளைக்கு என்ன வேலை இருக்கிறது என்று "பார்ப்பார்".

மரத்துண்டில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பார்!

இது விளையாட்டு அல்ல. ஹாக்கின்ஸ் ஏற்கனவே ஒரு முறை சூடு கண்டவர்.

படுத்துவிட்ட சரக்கு

அவர் 1992-ல் "பாம்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். கையில் அடங்கும் கம்ப்யூட்டர் செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. மறு ஆண்டு, வேறு பெரிய கம்பெனிகளுடன் சேர்ந்து "சூமர்" என்ற கருவியை வெளியிட்டார்கள். அது விற்கவில்லை. கடையிலேயே படுத்துவிட்டது.

அதே 1993-ல் ஆப்பிள் கம்பெனியும் "நியூட்டன்" என்று ஒரு கருவியை இறக்கியது. விலை 699 டாலர். எழுதுகிற எழுத்தை அது தப்புத் தப்பாகப் படித்தது. பத்திரிகைகளில் கேலிப்படம் போடும் அளவுக்கு ஆகிவிட்டது!

தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? "ஜனங்களுக்கு நம் அருமை தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாம் கம்பெனிக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. சூமரைக் காசு கொடுத்து வாங்கியவர்களையே தேடிப் பிடித்து விசாரித்தார்கள். "இதை எதற்கு வாங்கினீர்கள்? இப்போது எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?"

அப்போது ஓர் உண்மை தெரிந்தது. தங்களுக்குப் போட்டி இன்னொரு கம்ப்யூட்டர் அல்ல, நாலணா காகிதம்தான்! சட்டைப் பை டயரியில் ஒரு விலாசத்தைக் குறிக்க இரண்டு நொடி போதும். அதைவிட மெதுவாக வேலை செய்யும் கருவியை எவன் சுமப்பான்?

அதன் பிறகுதான் மரத்துண்டு வந்தது. தன் சட்டைப் பையை அளந்து, அந்த அளவுக்கு மரத்தை வெட்டிக்கொண்டார் ஹாக்கின்ஸ். பொத்தான்களையும் எழுத்துகளையும் காகிதத்தில் அச்சிட்டு மேலே சுற்றினார். இன்று ஒரு காகிதம், நாளை வேறு காகிதம். எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் கைக்கு வசதி, ஒரு நாளில் எத்தனை முறை கை பைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று தன்னைத் தானே கவனித்தார்.

தேவை நான்கே நான்கு என்று முடிவுக்கு வந்தது. நாட்காட்டி, விலாசப் பட்டியல், செய்யவேண்டிய வேலைகள், சிறு குறிப்பு. மேஜைக் கம்ப்யூட்டரோடு இணைக்கவும் முடியவேண்டும். மற்ற அலங்காரம் எதுவும் வேண்டாம்.

1996-ல் "பைலட்" என்ற பெயரில் அந்தக் கருவி வந்தது. விலை 299 டாலர். லட்சக்கணக்கில் விற்றது. பின்னாளில் செல்போன் வந்து அதை விழுங்கியது வேறு கதை. ஆனால் அன்றைக்கு ஒரு மரத்துண்டு செய்த வேலையை நியூட்டனுக்குக் கொட்டிய பணம் செய்யவில்லை.

வானத்தில் போட்ட பணம்

ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அதை வாங்க ஆள் உண்டா என்று விசாரிப்பதற்கு மார்க்கெட் ஆராய்ச்சி என்று பெயர். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆட்களை வைத்து ஏராளமாகச் செலவு செய்கின்றன. செலவு செய்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடுமா? அதுதான் இல்லை!

"இரிடியம்" என்று ஒரு கம்பெனி. 66 செயற்கைக் கோள்களை வானத்தில் ஏற்றியது. உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் டெலிபோன் பேசலாம் என்றது. செலவு ஏறக்குறைய 500 கோடி டாலர்! 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. போன் செங்கல் மாதிரி கனம். வீட்டுக்குள் இருந்தால் சரியாகப் பேச முடியாது. விலையோ ஆயிரக்கணக்கான டாலர். திட்டம் போட்ட நாளுக்கும் வேலை முடிந்த நாளுக்கும் நடுவில், சாதாரண செல்போன் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. 1999 ஆகஸ்டில் இரிடியம் திவால் மனு கொடுத்தது. பின்பு வேறு சிலர் அதைச் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கி, கப்பல்காரர்கள், ராணுவத்தார் போன்றவர்களுக்குச் சேவை நடத்தத் தொடங்கினார்கள். உண்மையான வாடிக்கைக்காரர்கள் அவர்கள்தான்!

பெரிய கம்பெனி விழுந்தால் எழுந்துவிடும். மனைவியின் நகையை அடகு வைத்து லேத் பட்டறையில் ஒரு கருவி செய்கிறவர் விழுந்தால்? சிறு முதலாளிக்குத்தான் இந்த ஆராய்ச்சி அதிகம் தேவை.

வாய் சொல்வது வேறு

சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் போய், "இப்படி ஒரு கருவி செய்யப் போகிறேன். வாங்குவீர்களா?" என்று கேட்பது வழக்கம். "ஆகா! பேஷாக வாங்குவோம்!" என்பார்கள். மனம் நோகக் கூடாதே என்று சொல்கிற பதில் அது. அதை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பல பேர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போதாததற்கு மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து "பொன்தான், பொன்தான்" என்றால் கேட்கவேண்டுமா?

நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பதைவிட, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பது மேல். தண்ணீர் மோட்டாரைத் தூரத்திலிருந்தே நிறுத்தும் கருவியா? "போன மாதம் மோட்டாரை நிறுத்த எத்தனை தடவை வயலுக்கு நடந்தீர்கள்? ஆள் வைத்தீர்களா? அவருக்கு என்ன கூலி?" என்று கேட்கவேண்டும். ஒருவர், "அதெல்லாம் பக்கத்தில்தானே" என்று சொன்னால், அவர் வாங்கமாட்டார். இன்னொருவர் கூலிக் கணக்கை விரல் விட்டு எண்ணினால், அவர்தான் ஆள். இப்படி இருபது பேரைப் பார்க்க ஆகும் செலவு பஸ் கட்டணமும் டீயும்தான்.

முன்பணம் கேட்டால் இன்னும் சீக்கிரம் உண்மை தெரியும். பத்து ரூபாய் என்றாலும் போதும். புகழ்ந்தவர்களில் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்! ஆனால் பொருள் செய்ய முடியாவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது ஆராய்ச்சி அல்ல, மோசடி.

1999-ல் சான்பிரான்சிஸ்கோவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. இன்டர்நெட்டில் செருப்பு, பூட்ஸ் விற்க நினைத்தார். காலில் போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்பது பலருடைய சந்தேகம். அவர் சரக்கு எதுவும் வாங்கி அடுக்கவில்லை. உள்ளூர்க் கடையில் அனுமதி கேட்டு, பூட்ஸ்களைப் படம் எடுத்துப் போட்டார். ஆர்டர் வந்ததும் கடைக்குப் போய், கடை விலைக்கே வாங்கி அனுப்பினார். லாபம் இல்லைதான். ஆனால் ஜனங்கள் வாங்குவார்கள் என்பது தெரிந்துவிட்டது. "ஜப்போஸ்" என்ற அந்தக் கம்பெனியை 2009-ல் அமேசான் விலைக்கு வாங்கியது.

கோயம்புத்தூரில் நடந்தது

நம் கோயம்புத்தூர் முருகானந்தத்தின் சோதனை இவ்வளவு சுலபமாக முடியவில்லை.

அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பட்டறையில் வேலை செய்தவர். 1998-ல் திருமணம் ஆனது. மாதவிலக்கு நாட்களில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். கடையில் விற்கும் "நாப்கின்" வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்கவேண்டும் என்றார் மனைவி. பஞ்சுக்கு இவ்வளவு விலையா என்று முருகானந்தம் தாமே செய்ய முனைந்தார்.

செய்தாயிற்று. நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? மனைவியும் சகோதரிகளும் சிறிது காலத்தில் மறுத்துவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, கருத்து எழுதக் காகிதமும் கொடுத்தார். அதை வாங்கப் போன அன்று பார்த்தால், இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து எல்லோருடைய காகிதத்தையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்!

அந்தக் காகிதத்தை நம்பியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, தம் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் விட்டார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார்.

உள்ளே இருப்பது வெறும் பஞ்சு அல்ல என்று பிறகு தெரிந்தது. வேறு என்ன? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு டெலிபோன் செய்தார். கோவையில் மில் முதலாளி என்று சொல்லி மாதிரி அனுப்பச் சொன்னார். தபாலில் கெட்டி அட்டை மாதிரி ஏதோ வந்தது. மரக்கூழ்! அந்த ரகசியத்தை அறியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெரிய கம்பெனிகளின் இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. முருகானந்தம் செய்த சிறு இயந்திரம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் கீழே.

மனைவி சில வருஷங்களுக்குப் பின் திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

இயந்திரத்தைப் பெரும்பாலும் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் வாங்கின. என்ன பெயர் வைப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களே முடிவு செய்தார்கள். கையில் காசு இல்லாத வீடுகளில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்தவர்களும் உண்டு.