ஒரே வரிக்குப் பின்னால் 107 நோயாளிகள்

மாணவர்களே, “ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கான மருந்து” என்று பாடநூலில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் மருத்துவம், தாதிமை பயில்கிறவர்களிடம் மூல ஆய்வுக் கட்டுரையையே வாசிக்கக் கொடுப்பதும் உண்டு. ஏன் தெரியுமா?

1948இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் பாருங்கள். நுரையீரல் காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். “மற்றவர்கள் பாவம் இல்லையா, டீச்சர்?” என்று என் படிவம் நான்கு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று பிரிட்டனில் எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்து இல்லை.

யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. மூடிய உறைக்குள் இருந்த அட்டை முடிவு செய்தது. இல்லாவிட்டால், பிழைப்பார் என்று தோன்றுகிறவர் பக்கம் மனம் சாய்ந்துவிடும். எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கும் எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று தெரியாது.

ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். எக்ஸ்ரேயில் நல்ல முன்னேற்றம் தெரிந்தவர்கள் மருந்துக் குழுவில் 28 பேர். மருந்தில்லாத குழுவிலும் 4 பேர்! அந்த நால்வரைப் பற்றித் தெரியாவிட்டால், 28 பேரும் மருந்தால்தான் தேறினார்கள் என்று சொல்லியிருப்போம்.

இன்னொன்றையும் கட்டுரை மறைக்கவில்லை. மருந்து பெற்ற பலரிடம் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டன. இன்று காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது அதனால்தான்.