முகத்தின் உள்ளே ஒரு முகம்

தைல வர்ணத்தில் மனித முகத்தை எழுதப் பழக விரும்புகிறவர்களில் பலர், எக்ஸ்பிரஷனிசம் என்னும் பாணியை, உருவ ஒற்றுமை கைவராதவர்களுக்குக் கிடைத்த சலுகையாகக் கருதி அதனை நாடுகிறார்கள். மூக்கு கோணினால் என்ன, கன்னம் பச்சையானால் என்ன, எல்லாம் உணர்ச்சியின் வெளிப்பாடுதானே என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய சித்திரம் ஒன்று ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா, 25 வயதுகூட நிரம்பாத இளைஞராக 1910-ஆம் ஆண்டில் எழுதியது அது. மனநோய் மருத்துவராகவும் எறும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானியாகவும் புகழ்பெற்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒகுஸ்த் ஃபொரேலின் உருவம்.

அதில் மேஜையோ திரைச்சீலையோ கிடையாது. மெல்லியதாகப் பூசித் துடைத்த மங்கலான வர்ணத்தின்மீது கூரிய கருவியால் கீறியவை போன்ற கோடுகள் ஓடுகின்றன. இரு கண்களும் ஒன்றுபோல் நோக்கவில்லை. கைகளோ முகத்துக்கு நிகராகப் பேசுகின்றன. பக்கவாதம் கண்ட மனிதரைப் போலிருக்கிறது என்று குடும்பத்தார் அதை ஏற்க மறுத்தனர். சில ஆண்டுகளுக்குள் ஃபொரேலுக்குப் பக்கவாதம் உண்மையாகவே வந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கோ அது கூர்ந்த பார்வையின் பலனாகவே படுகிறது. தம் எதிரில் இருப்பவரை அசையாமல் உட்காரச் சொல்லும் வழக்கம் கோகோஷ்காவுக்கு இல்லை. அவர்கள் பேசலாம், படிக்கலாம், நடமாடலாம். தம்மை மறந்திருக்கும் வேளையில்தான் மனிதர்களின் சுபாவம் முகத்தில் வந்து உட்காருகிறது.

ஆகவே, கற்பவர் முதலில் செய்ய வேண்டியது, எழுதப்போகும் முகத்தில் மிகைப்படுத்தத் தகுந்த ஓர் அம்சம் எது என்று தீர்மானிப்பது. எல்லாவற்றையும் கோணலாக்கினால் எதுவுமே கோணலாகத் தெரியாது. வர்ணத்துக்கும் இதே நியாயந்தான்: நிழலைக் கறுப்பால் நிரப்பாமல், சிவந்த கன்னத்தை அடுத்துப் பச்சையையும், மஞ்சளை அடுத்து ஊதாவையும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும். வான்கோ 1888-இல் தம் நண்பர் எழேன் போக்கின் மஞ்சள் படர்ந்த முகத்துக்குப் பின்னே, அறையின் சுவரை விடுத்து, நட்சத்திரங்கள் மின்னும் ஆழ்ந்த நீலத்தை எழுதியது இந்தச் சூட்சுமத்தை அறிந்துதான்.

தைல வர்ணம் இந்த முயற்சிக்கு மிகவும் உகந்தது. ஆளிவிதை எண்ணெய், நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து மெல்ல இறுகுகிறது. எனவே பிடிக்காத கன்னத்தை மறுநாளும் கத்தியால் வழித்தெடுத்து, எஞ்சிய கறையின்மீதே புதிதாக எழுதலாம்; அந்தக் கறை பல சமயங்களில் நாம் வலிந்து தேடிய நிறத்தைவிட அழகாக அமைந்துவிடுவதும் உண்டு. முதற்பூச்சை டர்பன்டைன் கலந்து மெலிதாக இடவேண்டும்; மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். முறை மாறினால், மேற்பூச்சு முந்தி உலர்ந்து, அடியிலுள்ளது பின்னால் அசையும்போது வெடித்துப்போகும்.

கோகோஷ்கா 1953-இல் சால்ஸ்பர்க் கோட்டையில் கோடைக்காலப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, மாணவர்களின் கையில் தைல வர்ணத்தைக் கொடுக்கவில்லை. எதிரில் நிற்பவரை அடிக்கடி நிலை மாறச் செய்து, அந்த அசைவை நீர்வர்ணத்தில் விரைந்து பிடிக்கும்படி பழக்கினார்.